கமலத்தின் கெட் கிளாஸ்

கமலம் என்ற பெயரை நான் முதலில் கேட்டது தெல்தோட்டையில், எங்கள் பெரியப்பா இழுத்துக்கொண்டு கிடந்த நாட்களில். பெரியப்பா என்று கூப்பிட்டாலும் அவர் அப்பாவோடு பிறந்தவர் இல்லை, எங்கள் அப்பாயியின் தங்கை மகன். அவருக்கு வயிறு கழன்று எல்லாம் பாயோடு போய்க்கொண்டிருந்தது. வீடு நிறையச் சொந்தக்காரப் பெண்கள். எல்லோர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது, கை மட்டும் முந்தானையை விட்டு வெளியே வரவில்லை. அந்த நேரம் பெரியம்மா அடுப்படியிலிருந்து சத்தம் கொடுத்தார்: “மேல் லயத்துக் கமலத்தக் கூட்டிட்டு வாங்க. அந்தப் புள்ளைக்கு அருவருப்பே கெடையாது.”

வந்தது பாவாடை தாவணி கட்டிய ஒரு குமரி. கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு நேரே உள்ளே போனாள். கிழவரைப் புரட்டி வெந்நீரால் துடைத்தாள். பாயைச் சுருட்டிக்கொண்டு பீலித் தண்ணீருக்குப் போய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். பிறகு கையைக் கழுவிவிட்டு எங்களோடு உட்கார்ந்து கீரையும் சோறும் சாப்பிட்டாள். எங்களில் பாதிப் பேருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவள் மறுசோறு கேட்டு வாங்கினாள். என் தம்பி வீரய்யாவுக்கு இவள்தான் என்று அம்மா அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டார்.

அம்மா அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. வீரய்யாவுக்குக் கண்டி மாநகர சபையில் வேலை. வேலை என்றால் மேசை கதிரை வேலை இல்லை, வாய்க்கால் வேலை. சந்தைக் குப்பை, சாக்கடைக் கான் அடைப்பு, மழைக்காலத்தில் பாதாளக் குழியில் இறங்குவது. அரசாங்கச் சம்பளம், பென்ஷன் எல்லாம் காதுக்கு நன்றாக இருக்கும். என்ன வேலை என்று சொன்னதும் பெண் வீட்டார் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்கள். கமலத்தின் வீட்டார் வைக்கவில்லை. அவர்களும் எங்களுக்கு அந்நியம் இல்லை. கமலத்தின் சின்னம்மாவைத்தான் என் மாமியாரின் ஒன்றுவிட்ட தம்பி கட்டியிருந்தார்.

தம்பியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேலை முடிந்து வந்தால் அவன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டான். கலியாணத்துக்குப் பிறகு கண்டி மஹியாவையில் அவர்கள் இருந்த லைன் வீடுகளுக்குப் பொதுவாக ஒரு பைப் உண்டு. அங்கே நின்று தலைமுதல் கால்வரை சவுக்காரம் போட்டுக் குளித்து, கொடியில் கிடக்கும் வேறு சாரத்தை உடுத்தி, அதற்குப் பிறகுதான் உள்ளே வருவான். காய்ச்சல் என்றாலும் அப்படித்தான். ஊர் அழுக்கை அள்ளுகிறவனின் வீட்டில் ஒரு நாளும் ஒரு வாடை வந்ததில்லை. நான் கட்டுகஸ்தோட்டையிலிருந்து போகும்போதெல்லாம் அந்த வீட்டுத் தரையில் விரிப்பு இல்லாமலே படுத்திருக்கிறேன்.

அவர்களுக்கு ஒரே மகன், சுதேஷ். அவனைப் படிக்க வைக்க வேண்டும் என்று கமலம் சைப்ரஸுக்குப் போனாள். நடக்க முடியாத ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. முதல் வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் எடுத்து அழுவாள். அந்த வீட்டில் தங்களுக்குள் அவர்கள் வேறு பாஷை பேசுவார்களாம். இவளிடம் மட்டும் இங்கிலீஷ். அதுவும் முழு இங்கிலீஷ் இல்லை, ஒரே ஒரு சொல்லாம். காலையில் கண் விழித்தால் கெட், ராத்திரி கண் மூடும்வரை கெட். அதைக் கொண்டு வா, இதை எடுத்து வா, எழும்பு, வெளியே போ, எல்லாமே அந்த ஒரு சொல்தானாம். நாயைக் கூப்பிடுவதற்காவது அவர்களிடம் இரண்டு மூன்று சொல் இருக்கிறது மதினி என்று ஒரு தடவை சொன்னாள். போகப் போக அழுவதை நிறுத்திவிட்டாள். பிறகு போன் எடுப்பதையும் நிறுத்திவிட்டாள்.

அந்தக் கிழவி செத்த பிறகுதான் திரும்பி வந்தாள். விமான நிலையத்துக்குப் போன வேனில் நானும் இருந்தேன். வீட்டுக்கு வந்து பெட்டியைக் கூட இறக்கவில்லை, வாசலில் நின்ற தம்பியைப் பார்த்துக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, “கெட் வாஷ்ட்,” என்றாள். அவன் அப்போதுதான் குளித்துவிட்டு நின்றான், தலையில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. அவனுக்கு அது விளங்கவில்லை. என்ன சொல்றா அக்கா என்று என்னைக் கேட்டான். எனக்கும் விளங்கவில்லை. கடைசியில் அவளே தமிழில் சொன்னாள், குளித்துவிட்டு வா என்று. அவன் போய் மறுபடி குளித்தான்.

பெட்ரோலுக்கும் காஸுக்கும் சனம் வரிசையில் நின்ற அந்த வருடம்தான் அவளுக்கு நல்ல காலம் பிறந்தது. வீட்டுக்கு ஒரு பெண்ணாவது வெளிநாடு போகத் துடித்துக்கொண்டிருந்த நேரம். கமலம் முன்னறையில் கதிரைகளைப் போட்டு, கதவில் ஒரு போர்டு மாட்டினாள். தெல்தோட்டையிலிருந்தும் கலஹாவிலிருந்தும் எங்கள் பெண்கள், திகனவிலிருந்து இரண்டு மூன்று முஸ்லிம் பெண்கள் என்று வர ஆரம்பித்தார்கள். இங்கிலீஷ் கிளாஸ் என்றுதான் போர்டில் இருந்தது. லைனில் எல்லோரும் கெட் கிளாஸ் என்றார்கள். அவள் தன்னை டீச்சர் என்று கூப்பிட விடமாட்டாள். மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும்.

“இங்கிலீஷ்ல ஆயிரம் வெர்ப் இருக்கு. ஒங்களுக்கு ஒண்ணு போதும்,” என்பாள்.

நான் படித்தது அவ்வளவாக இல்லை. ஆனால் மூலையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு அந்தச் சொல் எனக்கே பாடமாகிவிட்டது. அதற்குப் பின்னால் ஒரு பொருளைப் போட்டால் கொண்டு வா என்று அர்த்தம். அப் போட்டால் எழும்பு. அவுட் போட்டால் வெளியே போ. வெட் போட்டால் நனைவது, ஓல்ட் போட்டால் கிழடாவது, சிக் போட்டால் நோயில் விழுவது. நேற்று நடந்ததென்றால் கொட், இப்போது நடக்கிறதென்றால் கெட்டிங். தண்ணீர் வருவதற்கும் அதே சொல், கோபம் வருவதற்கும் அதே சொல், காய்ச்சல் வருவதற்கும் அதே சொல். ஒரே அகப்பையால் சாம்பாரையும் கழுநீரையும் அள்ளுகிற மாதிரி. எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே நாக்கில் ஏதோ ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

அவள் பாடம் நடத்துகிற விதம் அதைவிட மோசம். கரும்பலகை கிடையாது. “கெட் த பக்கெட்” என்றால் ஒருத்தி ஓடிப்போய் வாளியை எடுத்து வர வேண்டும். “கெட் த புரூம்” என்றால் இன்னொருத்தி விளக்குமாறோடு வந்து அறையைக் கூட்ட வேண்டும். தேங்காய் துருவுவது, அவளுடைய உடுப்பைத் துவைப்பது, மீன் ஆய்வது எல்லாமே பாடம். அதற்குப் பெயர் பிராக்டிகல். மேடம் கதிரையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பாள், கிளாஸ் முடியும்போது வீடு பளிச்சென்று இருக்கும். படிக்கிறதுக்கு அந்தப் பிள்ளைகள் கட்டணமும் கட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரி என்னிடம், “ஒங்க தம்பி பொண்டாட்டி வேலைக்காரிக்கு சம்பளம் குடுக்கிறதில்ல, வேலைக்காரிக்கிட்ட சம்பளம் வாங்குறா,” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

கடைசிப் பாடம் ஒன்று உண்டு. ஆளை வைத்து ஒரு காரியத்தைச் செய்விப்பது. கெட் ஹிம் டு ஈட் என்றால் அவனைச் சாப்பிட வை. கெட் இட் க்ளீன்ட் என்றால் ஆள் விட்டு அதைச் சுத்தமாக்கு. அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஒரு எச்சரிக்கையும் கொடுப்பாள்: “இத நீங்க பேசக்கூடாது. இது மேடம்மாரு பேசுறது. நீங்க வெளங்கிக்கிட்டாப் போதும்.”

தெல்தோட்டையிலிருந்து வந்த சஞ்சீவனி என்ற பிள்ளை, அப்படியென்றால் நாங்கள் எதைப் பேசுவது என்று கேட்டது. யெஸ் மேடம் என்று பேசு என்றாள் கமலம்.

தம்பி பென்ஷனில் வந்து அதிக காலம் ஆகவில்லை, பாரிசவாதம் அடித்து விழுந்தான். வலது பக்கம் முழுதும் போய்விட்டது. பேச்சு குழறியது, அறிவு தெளிவாக இருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தவரை நான் பார்த்தேன். வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு, பெண்டாட்டி இருக்கிறாள், நோயாளியைப் பார்த்தே பழகிய கை, குறை வராது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பிக் கட்டுகஸ்தோட்டைக்குத் திரும்பினேன்.

அடுத்த கிழமை போனபோது கதவு திறந்திருந்தது. உள்ளே டெட்டோல் வாடை. தம்பியின் கட்டில் முன்னறைக்கு வந்திருந்தது. கதிரைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பெண்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அவன் சாரம் மேலே ஏறிக் கிடந்தது. கமலம் கதவு நிலையில் சாய்ந்து, கொலோன் சென்ட் நனைத்த கைக்குட்டையை மூக்கில் பொத்திக்கொண்டு, “கெட் த பேசின். கெட் த க்ளோத்,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். திகனப் பிள்ளை ஒன்று கண்ணை மூடிக்கொண்டு அவனைத் துடைத்தது. இன்னொருத்தி வாயைப் பொத்தி ஓங்கரித்தாள். தம்பி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தான். அவன் காது சிவந்திருந்ததை நான் பார்த்தேன்.

பக்கத்தில் போய்ச் சாரத்தை இழுத்து மூடினேன். அவளைக் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உன் புருஷன் என்ன சந்தையில் வைத்த மீனா என்று கேட்டேன். கட்டியவள் செய்ய வேண்டியதை ஊர்க் குமரிகளை வைத்துச் செய்கிறாயே என்றேன். அவள் சத்தம் போடவில்லை, தன் இரண்டு கையையும் எனக்கு முன்னால் நீட்டினாள்.

“அந்தக் கெழவிக்கு நான் அள்ளாத நாளு இல்ல மதினி. அள்ளுன கையால சாப்புட்டேன், அள்ளுன கையால ஒங்களுக்கெல்லாம் பெட்டி கட்டி அனுப்புனேன். அதோட இந்தக் கை முடிஞ்சு போச்சு. இனி எவனோடதும் அள்ள மாட்டேன், புருசனா இருந்தாலும் சரிதான்.”

அந்தப் பேச்சில் பொய் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முடியாதென்றால் முடியாது என்று சொல்லிவிட்டு அவனை என்னிடம் தர வேண்டியதுதானே? அதைத்தான் கேட்டேன். நான் இருக்கும் என் மகள் வீட்டில் இரண்டே அறை, இருந்தாலும் ஒரு கட்டில் போட இடம் உண்டு. அவள் மாட்டேன் என்றாள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர்கள் இப்போது நோயாளி பார்க்கப் பழகிய பெண்களைத்தான் முதலில் எடுக்கிறார்களாம். கட்டிலும் நோயாளியும் உள்ள கிளாஸ் கண்டியில் வேறு எங்கேயும் இல்லையாம்.

“அவரு போயிட்டா கிளாஸுல என்னத்த வச்சுச் சொல்லிக் குடுக்கிறது?” என்று என்னையே கேட்டாள்.

சுதேஷுக்குப் போன் எடுத்தேன். அவன் கொழும்பிலிருந்து, அம்மா சொல்கிற மாதிரி செய்யுங்கள் அத்தை, அம்மாவுக்கு அனுபவம் இருக்கிறது என்றான். வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் தம்பி சாப்பிடுவதை நிறுத்தினான். கஞ்சி கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வான். தண்ணீர் கூட உதட்டை நனைக்கும் அளவுக்குத்தான். முதலில் நான் நோய் முற்றிவிட்டதென்று நினைத்தேன். ஒரு நாள் கிளாஸ் தொடங்க முன்னரே போய், இடியப்பத்தைப் பாலில் ஊறவைத்து ஊட்டப் பார்த்தேன். அவன் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தான். வார்த்தை வருவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“சாப்புட்டா... போகும் அக்கா. போனா... அந்தப் புள்ளைங்க வரும்.”

ஊரெல்லாம் போட்டதை அள்ளியவன், தன்னுடையதை அந்நியப் பெண்கள் அள்ளக்கூடாதென்று பட்டினி கிடக்கிறான். நான் அதைக் கமலத்திடம் அப்படியே சொன்னேன். நீ ஒரு வேளை, ஒரே ஒரு வேளை, கதவைச் சாத்திக்கொண்டு அவனைச் சுத்தம் செய்தால் அவன் சாப்பிடுவான் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். யோசித்துவிட்டு, அப்படியென்றால் கெட் ஹிம் டு ஈட் பாடத்துக்கு இது சரியாக வரும் என்றாள்.

வெள்ளிக்கிழமை ஏஜென்சியிலிருந்து ஒரு அம்மா பார்க்க வருகிறார், நீங்களும் வந்து உட்காருங்கள் மதினி, சொந்தக்காரர் ஒருவர் இருந்தால் பார்ப்பதற்கு மரியாதையாக இருக்கும் என்று சொன்னாள். நான் போனேன். மரியாதைக்காகப் போகவில்லை. தம்பியின் கன்னம் உள்ளே ஒட்டிப்போயிருந்தது, விட்டுவிட்டு வீட்டில் இருக்க முடியவில்லை.

வந்தது சிங்களத்து அம்மா, நல்ல சாரி, கையில் போன். சுவரோரம் என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். கமலம் வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தாள், அது எங்கே கிடைத்ததோ தெரியாது. கட்டிலைச் சுற்றிப் பெண்கள். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, கெட் ஹிம் டு ஈட் என்றாள். ஒவ்வொருத்தியும் கரண்டியை அவன் உதட்டுக்குக் கொண்டுபோனாள். அவன் பல்லை இறுக்கியிருந்தான். கஞ்சி தாடையால் வழிந்து கழுத்துப் பள்ளத்தில் தேங்கியது. துடைத்தார்கள், மறுபடி வழிந்தது. புளித்த கஞ்சி வாடை அறை முழுக்க. ஏஜென்சி அம்மா போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

சஞ்சீவனியின் முறை வந்தது. கமலம் அவளிடம், மூக்கைப் பிடித்தால் வாய் தானாகத் திறக்கும், சைப்ரஸில் அப்படித்தான் கொடுப்போம் என்றாள். அந்தப் பிள்ளை கோப்பையைக் கட்டிலோரம் வைத்துவிட்டு நின்றது. எல்லோரும் வெளியே போனால் அவர் சாப்பிடுவார் மேடம் என்று மெதுவாகச் சொன்னது.

“இங்கிலீஷ்ல சொல்லு,” என்றாள் கமலம்.

பாவம், அதனிடம் இருந்தது ஒரே ஒரு சொல். அதை வைத்து என்ன சொல்ல முடியுமோ அதைச் சொன்னது. “ஆல்... கெட் அவுட், மேடம். ஹீ ஈட்.”

ஏஜென்சி அம்மா சிரித்துவிட்டார். கமலத்தின் முகம் வெளுத்துப் போனது. யெஸ் மேடம் என்று மட்டும் பேச வேண்டிய வாயிலிருந்து கெட் அவுட் என்ற பேச்சு, அதுவும் ஏஜென்சிக்காரி முன்னால். சஞ்சீவனியைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுக் கோப்பையை அவளே எடுத்தாள். தம்பியை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்த நாளிலிருந்து அவன் உடம்பில் அவள் கை பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். அது அவன் மூக்கில் பட்டது. இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்தாள். அவன் கண் பிதுங்கியது, நல்ல பக்கத்துக் கால் கட்டிலை உதைத்தது. வாய் திறந்தது. கஞ்சியை ஊற்றினாள். நான் எழும்பி அவள் கையைத் தட்டிவிடுவதற்குள் அவனுக்குப் புரையேறி, உள்ளே போனதும் அதற்கு முன் வயிற்றில் கிடந்த பச்சைத் தண்ணீரும் சேர்ந்து அவள் மணிக்கட்டிலும் வெள்ளைக் கோட்டிலும் கொட்டியது.

அவள் கையை உதறினாள். உதறிக்கொண்டே குனிந்தாள். அங்கேயே, கட்டில் காலடியில், அத்தனை பேருக்கும் முன்னால் அவளும் வாந்தி எடுத்தாள்.

அந்தப் பெண்கள் பழக்கத்தில் வாளிக்கும் துணிக்கும் திரும்பினார்கள். நான், தொடாதீர்கள், யாரும் தொடக்கூடாது, அவளே அள்ளட்டும் என்றேன். கமலம் தரையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், கையைத் தன் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து பைப்புக்குப் போய்விட்டாள். ஏஜென்சி அம்மா சாரியைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாகவே வெளியேறினார். ஜன்னலால் பார்த்தேன். தம்பி அந்தக் காலத்தில் குளிக்கிற அதே பைப்பில் நின்று சவுக்காரம் போட்டுப் போட்டு முழங்கைவரை தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வருவதற்கு அவளுக்கு மனமில்லை என்று தெரிந்தது.

தரையில் கிடந்ததை நான்தான் அள்ளினேன். இரண்டு பேருடையதையும். சஞ்சீவனியையும் மற்றவர்களையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். தம்பியைத் துடைத்து வேறு சாரம் மாற்றினேன். கோப்பையின் அடியில் கொஞ்சம் கஞ்சி மிஞ்சியிருந்தது. வேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் அவனே வாயைத் திறந்தான்.

பின்னேரம் த்ரீவீல் ஒன்று பிடித்தோம். சஞ்சீவனி காலைப் பிடிக்க, பக்கத்து வீட்டுக்காரியின் புருஷன் தோளைப் பிடிக்க, அவனை ஏற்றினோம். கமலம் பைப்படியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அவனைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். அவள் இந்த முறை மாட்டேன் என்று சொல்லவில்லை, கிட்டேயும் வரவில்லை. அந்த வாடை போகவே இல்லை மதினி என்றாள். நான் த்ரீவீலில் ஏறித் தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

தம்பி இப்போது என் மகள் வீட்டில். மூன்று நேரமும் சாப்பிடுகிறான், கதவைச் சாத்திக்கொண்டு நானும் மருமகனும் பார்த்துக்கொள்கிறோம். என்ன இருந்தாலும் பெண்டாட்டிதானே, வந்து பார்த்தாளா என்று சொந்தத்தில் கேட்கிறார்கள். வரவில்லை. சஞ்சீவனி வெளிநாடு போகிற நினைப்பை விட்டுவிட்டு பேராதனைப் பக்கம் ஒரு வீட்டில் சமையல் வேலைக்குப் போகிறாள்.

கெட் கிளாஸ் நின்றுவிடவில்லை. அப்படி நினைத்தவர்களுக்கு இந்த ஊரைத் தெரியாது. இரண்டு மாதம் போர்டைக் கழற்றி வைத்திருந்துவிட்டு மறுபடி மாட்டினாள். இந்த முறை துணிக்கடையில் சேலை கட்டி நிறுத்துகிற பொம்மை ஒன்றை வாங்கிக் கட்டிலில் படுக்கப் போட்டிருக்கிறாளாம். அது சாப்பிடாது, கழிக்காது, முகத்தையும் திருப்பாது. கிளாஸில் முன்னைவிடக் கூட்டம் என்று கேள்வி.

மஹியாவை வீட்டில் அந்த வாடை போகவில்லை என்று, கிளாஸையும் தூக்கிக்கொண்டு கமலம் இப்போது குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், செருப்புக் கடைக்கு மேலே உள்ள அறையில் இருக்கிறாள்.